பெயரும் பாலும்: சங்கப் புலவரைப் பால் பகுத்தறியும் முறை

சங்கத் தொகைகளைப் பாடிய புலவருள் பெண்பாலார் எத்துணையர் என்னும் வினா, இன்றும் முடிந்த விடை பெறாத வினாவாகவே நிற்கின்றது. முப்பதின்மர் என்பாரும் உளர். நாற்பதின்மர்க்கு மேல் என்பாரும் உளர். பெயர் தெரிந்த சங்கப் புலவர் 473 பேர் என்பது பெருவழக்கான கணக்கு. மொத்தத் தொகையில் அறிஞரிடையே வேறுபாடு சிறிதாக இருக்க, பெண்பாலார் தொகையில் மட்டும் மூன்றில் ஒரு கூறளவு வேறுபாடு தோன்றுவானேன்? அனைவரும் ஆராய்ந்த பாடல்கள் ஒன்றே. பாடல்களின் அடியிற் காணப்படும் குறிப்புகளும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடுவது, பெயரைக் கேட்ட அளவிலே ‘இஃது ஆண்பெயர், இது பெண்பெயர்’ என்று செவி துணிந்துகொள்ளும் துணிவேயாகும். அத்துணிவு எவற்றாற் பிறக்கின்றது, எத்துணை நம்பத்தக்கது, அதற்கு மாறாகக் கொள்ளத்தக்க முறை யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கணத்தின் நிலை

இருபாற்கும் பொதுவாக வழங்கும் பெயர்கள் உண்டு என்பது நம் இலக்கணத்துக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் பெயரியலில் விரவுப்பெயர்களை வகுக்கும்போது பெண்மைப் பெயர், ஆண்மைப் பெயர் என்பவற்றோடு நில்லாமல், பன்மைப் பெயர், ஒருமைப் பெயர் என்பவற்றையும் வைத்தார். நன்னூலார் இவற்றைப் பொதுப்பெயர் என்பர். சாத்தன் என்பது ஆண்மையைக் காட்டும். சாத்தி என்பது பெண்மையைக் காட்டும். ஒருமை இயற்பெயரோ ஒருவரைச் சுட்டுவதன்றி, அவ்வொருவர் ஆணா பெண்ணா என்பதைத் தன் வடிவால் உணர்த்தாது. இதற்கு உரையாசிரியர் காட்டும் சான்று ‘கோதை’ என்னும் பெயர். கோதை என்பதன்பின் வந்தான் என்றும் வரலாம், வந்தாள் என்றும் வரலாம், வந்தது என்றும் வரலாம்.

இத்தகைய பெயர்களின் பாலை அறியும் வழியையும் தொல்காப்பியரே கூறினார். அவை தத்தம் மரபுக்குரிய வினையோடு சேர்ந்தாலன்றிப் பால் விளங்கா என்பது அவர் விதி. பெயர் தனித்து நிற்கும்போது பாலை ஊகித்தல் கூடாது. அதனை முடிக்கும் சொல்லை நோக்குக என்பது இதன் கருத்தாம். இஃது இலக்கணத்துக்கு மட்டுமன்றி இலக்கிய வரலாற்றுக்கும் ஏற்ற விதி என்பது மேலே விளங்கும்.

ஆயின் இவ்விதி இயலாத இடம் ஒன்றுண்டு. இயற்பெயரின் முன் ‘ஆர்’ என்னும் இடைச்சொல் வருமாயின் அது பலர்பால் வினையோடு முடியும் என்று இடையியல் கூறும். சிறப்புக் கருதி ஆர் சேர்க்கப்பட்டவுடன் வந்தான், வந்தாள் என்னும் வேறுபாடு மறைந்து, இருபாற்கும் வந்தார் என்பதே வினையாகின்றது. சங்கப் புலவருள் மிகப் பலருடைய பெயர்கள் ஆர் ஈறு பெற்றே நமக்குக் கிடைத்துள்ளன. தொகுத்தோரும் ஏடெழுதினோரும் ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி இருபாற் புலவர்க்கும் ஒரு தன்மைத்தாய சிறப்பினை அளித்தனர். அச்சிறப்பே பின்வந்தோர்க்குப் பாலை மறைக்கும் திரையாயிற்று. வேந்தனும் குயத்தியும் ஒரே ஈற்றாற் போற்றப்பட்ட அவை நம் பெருமைக்குரியது. அப்பெருமைக்கு நாம் கொடுக்கும் விலை, பல புலவருடைய பாலை அறிய முடியாமையாகும்.

2. ஈறு காட்டும் மயக்கம்

ஆர் என்பதனை நீக்கிப் பார்ப்பின் பெயரின் இறுதி எழுத்துப் பாலைக் காட்டாதோ எனலாம். அன் ஈறு ஆணுக்குரியது. இகரமும் ஐகாரமும் பெண்ணுக்குரியன என்பதே இக்காலச் செவியின் பழக்கம். இப்பழக்கம் சங்க காலப் பெயர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்போம்.

இகர ஈறு பெண்மை காட்டும் இடங்கள் பல. ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் என்னும் இருவர் பெயரும் ஓரூரைச் சார்ந்து, ஒரே அடியிற் பிறந்து, ஈற்றால் மட்டும் வேறுபட்டு நிற்கின்றன. வெண்ணிக்குயத்தியார், குறமகள் இளவெயினியார் என்பனவும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆனால் பாரி, காரி, ஓரி, நள்ளி, அஞ்சி என்னும் வள்ளல்களின் பெயர்களும் இகரத்தில் முடிவனவே. எழினி என்பதும் ஆண்மகன் பெயராக வழங்கிற்று. நற்றிணை 90ஆம் பாடலைப் பாடிய அஞ்சில் அஞ்சியாரைப் பெண்பாற் புலவர் வரிசையிற் சேர்ப்பார் உளர். அதியமான் நெடுமான் அஞ்சியை நன்கறிந்த தமிழுலகில், அஞ்சி என்னும் பெயர் ஒன்றையே கொண்டு இவரைப் பெண்ணெனத் துணிதற்கு இடமில்லை. ஆணெனத் துணிதற்கும் அஃதொன்று போதாது.

ஐகார ஈறும் இத்தன்மையதே. நக்கண்ணை, நச்செள்ளை, உத்திரை என்னும் பெயர்களைக் கேட்ட செவி, ஐகாரம் பெண்மைக்குரியது என்று பழகிவிடுகின்றது. ஆனால் பிசிராந்தையார் பெயரில் உள்ள ஆந்தை, பரிபாடற் புலவர் கீரந்தையார் பெயரில் உள்ள கீரந்தை என்பனவும் ஐகார ஈற்றனவே. ஆதன், பூதன் என்பன தந்தை என்பதனோடு புணர்ந்து ஆந்தை, பூந்தை என நிற்கும் என்பது தொல்காப்பிய எழுத்ததிகாரத்தால் அறியப்படும். புறநானூறு 71ஆம் பாடலில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் தன் நண்பருள் ஒருவனாக ஆந்தை என்பானைக் குறிக்கின்றான். ஈற்றெழுத்தைக் கேட்டுப் பெண்ணென்று கருதத்தக்க பெயருள்ளே தந்தை என்னும் சொல்லே ஒளிந்திருத்தல் காண்க.

பெயரின் முதலில் நிற்கும் நகரமும் துணை செய்வதில்லை. நப்பசலை, நக்கண்ணை, நச்செள்ளை என்பவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு அது மகளிர் பெயர்க்குரிய அடைபோலத் தோன்றும். நக்கீரன், நப்பூதன், நத்தத்தன் என்பவற்றையும் உடன்வைத்து நோக்கின் அத்தோற்றம் மறையும்.

ஓரெழுத்து வேறுபாடு எத்துணைப் பெரிய வேறுபாட்டை விளைக்கும் என்பதற்குக் குறுந்தொகையில் நல்ல சான்றுண்டு. 178ஆம் பாடல் நெடும்பல்லியத்தை பெயரிலும், 203ஆம் பாடல் நெடும்பல்லியத்தன் பெயரிலும் அமைந்துள்ளன. புறநானூறு 64ஆம் பாடற்குரியவர் நெடும்பல்லியத்தனார். இவர்கள் பெண்ணொருவரும் ஆணொருவருமாக இருவரா, அன்றி ஏடெழுதுவோர் கைப்பிழையால் ஒருவரே இருவராயினரா என்பது ஈற்றெழுத்து ஒன்றனையே பற்றி நிற்கின்றது. பனையோலையில் ஓர் எழுத்து மாறுதல் அரிதன்று. ஈற்றைச் சான்றாகக் கொள்வோர் அச்சான்றின் மென்மையையும் உணர்தல் வேண்டும்.

3. பொருள் காட்டும் மயக்கம்

ஈற்றை விட்டுப் பெயரின் பொருளை நோக்கிப் பால் துணிவாரும் உளர். அள்ளூர் நன்முல்லையார் பெயரில் மலர் இருத்தலானும், மாறோக்கத்து நப்பசலையார் பெயரில் தலைவியர்க்கு உரைக்கப்படும் பசலை இருத்தலானும் இவ்விருவரையும் பெண்பாலாராகக் கொள்ளுதல் பெருவழக்கு. இக்கருத்துத் தவறு என்று யாம் கூறவில்லை. முல்லை, பசலை என்பன மகளிர்க்குப் பொருத்தமான பெயர்கள் என்னும் எண்ணமே இங்குச் சான்றாக நிற்கின்றது என்பதையே சுட்ட விரும்புகின்றோம். கோதை என்பதும் மாலையைக் குறிக்கும் சொல்லே. ஆயினும் அதனைச் சேர வேந்தர் தம் பெயராகக் கொண்டனர்.

பொருளை நம்புவதால் விளையும் இடர்ப்பாட்டைப் பொருநராற்றுப்படை ஆசிரியர் பெயர் நன்கு காட்டும். முடத்தாமக்கண்ணியார் என்பதிலுள்ள கண்ணி என்பதற்குக் கண்ணையுடையாள் என்று பொருள் கொள்வார்க்கு இவர் பெண்பாலார். தலையிற் சூடும் மாலை என்று பொருள் கொள்வார்க்கு அத்துணிவு இல்லை. எழுத்து ஒன்றே, சொல் இரண்டு, அவற்றால் புலவரும் இருபாலர் ஆகின்றனர். ஆர் என்னும் சொல் இயற்பெயர்முன் வருதற்குத் தொல்காப்பிய உரையில் எடுத்துக்காட்டப்படும் பெயர்களுள் இதுவும் ஒன்று என்பது நோக்கத்தக்கது. பால் மறைந்து நிற்கும் வடிவுக்கு இலக்கணம் காட்டிய பெயரே பால் அறியப்படாத பெயராக இன்றும் நிற்கின்றது.

4. கூற்றுக் காட்டும் மயக்கம்

மூன்றாவதாகப் பாடலிற் பேசுவோரைக் கொண்டு பாடியவரைத் துணியும் முறை ஒன்றுண்டு. புறநானூறு 312ஆம் பாடல் தாயொருத்தியின் கூற்றாக அமைந்து, மகனைப் பெற்று வளர்த்தல் தொடங்கி அவரவர் கடமைகளை வரையறுக்கின்றது. தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்த அப்பாடலைப் பாடிய பொன்முடியாரைப் பெண்பாலாராகக் கொள்ளுதல் பெருவழக்கு. பொன்முடி என்னும் பெயர் பாலைக் காட்டுவதன்று. தாயின் நெஞ்சைத் தாயே அறிவாள் என்னும் உணர்ச்சியே இத்துணிவுக்குப் பெரிதும் துணை நின்றது எனலாம்.

இம்முறையைச் சோதித்தற்கு ஒக்கூர்ப் புலவர் இருவரும் உதவுவர். கணவனை இழந்த மகளிர் அல்லியரிசி உண்ணும் துயரை ஆம்பலை நோக்கிக் கைம்பெண் ஒருத்தி கூறுவதாக அமைந்தது புறநானூறு 248ஆம் பாடல். பாடலை மட்டும் படிப்பார் இதனைப் பாடியவர் மாசாத்தியார் என்றே எண்ணுவர். ஆனால் ஏடு காட்டும் பெயர் ஒக்கூர் மாசாத்தனார். பெண்ணின் துயரை ஆண் இத்துணை உணர்ந்து பாடுதல் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அகப்பாடல்களைப் பாடிய ஆண்பாற் புலவருள் பலர் தலைவி கூற்றோ தோழி கூற்றோ செவிலி கூற்றோ பாடியவரே. பிறர் நெஞ்சாய் நின்று பேசுதல் அகமரபின் அடிப்படையாதலின், கூற்றுக்குரியார் பாலைப் பாடினோர் பாலாகக் கொள்ளுதல் அம்மரபினையே மறப்பதாகும்.

இனி, இம்முறையை மேற்கொள்வார் அதனை ஒருசீராக மேற்கொள்கின்றனரா எனின், அதுவும் இல்லை. பாடலிற் பயின்ற தொடராற் பெயர் பெற்ற புலவர் பலர் குறுந்தொகையில் உளர். அவருள் அணிலாடு முன்றிலார் பாடிய 41ஆம் பாடலும், மீனெறி தூண்டிலார் பாடிய 54ஆம் பாடலும் தலைவி கூற்றே. கூற்றே சான்றாயின் இவ்விருவரும் பெண்பாலாராதல் வேண்டும். ஆயினும் பெண்பாற் புலவர் வரிசைகளில் இவர்களைப் பொதுவாகக் காண்பதில்லை. ஒரே சான்று ஓரிடத்தில் ஏற்கப்பட்டு மற்றோரிடத்திற் கைவிடப்படுமாயின், முடிபு சான்றினின்று பிறவாமல் முன்னரே உள்ளத்திற் பிறந்துவிட்டது என்றே கருத வேண்டும்.

5. துணிதற்குரிய சான்றுகள்

ஈறு, பொருள், கூற்று ஆகிய மூன்றும் தனித்து நின்று பால் துணியப் போதா எனின், துணிவுக்கு வழியே இல்லையோ என்னும் ஐயம் எழும். வழி உண்டு. வினையோடு சேர்த்துப் பால் அறிக என்னும் தொல்காப்பியர் விதியை இலக்கிய வரலாற்றிலும் கையாள வேண்டும். அஃதாவது, பெயருக்குப் புறத்தே அப்பெயரை முடித்துவைக்கும் செய்தி ஒன்றனைத் தேடுதல் வேண்டும். அத்தகைய செய்திகள் நால்வகைப்படும்.

முதலாவது, பெயரோடு சேர்ந்து வரும் முறையும் தொழிலும் குடியும். புறநானூறு 246ஆம் பாடலைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. 86ஆம் பாடல் காவற்பெண்டு பாடியது. 83 முதல் 85 வரையுள்ள மூன்று பாடல்களையும் பாடிய நக்கண்ணையார் பெருங்கோழி நாய்கன் மகள் எனக் குறிக்கப்படுகின்றார். நற்றிணையில் 19, 87ஆம் பாடல்கள் நக்கண்ணையார் என்னும் பெயரளவிலேயே நிற்கின்றன. புறநானூற்றுக் குறிப்பு நமக்குக் கிடையாதிருப்பின், அவ்விரண்டு பாடல்களுக்கும் உரியவர் பாலைத் துணிய ஐகாரம் ஒன்றே எஞ்சியிருக்கும்.

இரண்டாவது, பிறிதொரு புலவர் வாய்மொழி. வெள்ளிவீதியார் என்பது இடத்தாற் பெற்ற பெயர்போலத் தோன்றுவது. பாலைச் சிறிதும் காட்டாதது. இவர் பெண்பாலார் என்பதனை அகநானூறு 147ஆம் பாடலால் அறிகின்றோம். அப்பாடலில் ஔவையார், பிரிந்த கணவனைத் தேடிச் சென்ற வெள்ளிவீதியைத் தலைவி தனக்கு உவமையாகக் கூறும்படி வைத்துள்ளார். வெள்ளிவீதியாரும் அகநானூறு 45ஆம் பாடலில் ஆதிமந்தியின் துயரை உவமையாகக் கூறுகின்றார். பெண்பாற் புலவரின் வரலாறு மற்றொரு பெண்பாற் புலவரின் பாடலாற் காக்கப்பட்டு வந்தமை நினைந்து போற்றத்தக்கது. ஔவையார் அவ்வொரு பாடலைப் பாடாதிருப்பின் வெள்ளிவீதியார் இன்று பால் அறியப்படாதவராய் நின்றிருப்பார்.

மூன்றாவது, புலவர் தம் வாழ்க்கை பற்றிப் பாடலிற் கூறும் செய்தி. ஈண்டுக் கூற்று வேறு, தன்வரலாறு வேறு என்பதனை மறத்தலாகாது. பொத்தியார் என்னும் பெயரை இகர ஈறு கொண்டு நோக்குவார் பெண்பெயர் என்று கருதலாம். புறநானூறு 222ஆம் பாடலில், வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தம் மனைவி மகனைப் பெற்றபின் வருக என்று தம்மைத் தடுத்ததனைக் கூறி அவர் நடுகல்லை நோக்கி வருந்துகின்றார். இதனால் அவர் ஆண்பாலார் என்பது ஐயமின்றித் தெளிவாகும். பிசிராந்தையாரும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறும் 191ஆம் பாடலில் தம் மனைவியின் மாண்பினை முதற்கண் வைக்கின்றார். இகர ஈற்றுப் பெயரும் ஐகார ஈற்றுப் பெயரும் ஒவ்வொரு பாடலால் ஆண்பெயராய்த் தெளிந்தன.

நான்காவது, பதிகம் முதலிய குறிப்புகளும் ஒத்த பெயர்களும். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார்க்கு, அணிகலன் செய்து அணிந்துகொள்க என்று ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் ஈந்தான் எனப் பதிகம் கூறும். ஒன்பதாம் பத்தின் பதிகமோ, இளஞ்சேரல் இரும்பொறையை ஈன்ற தாயின் பெயர் அந்துவஞ்செள்ளை என்கின்றது. செள்ளை என்பது அக்காலத்து மகளிர் பெயராக வழங்கியது என்பதனை நம் செவி கூறவில்லை. அக்காலத்தையொட்டிய சான்றே கூறுகின்றது. இவ்விரண்டும் தம்முள் இணைந்து நச்செள்ளையார் பெண்பாலார் என்பதனை உறுதிப்படுத்துகின்றன.

6. செவியின் வரலாறு

ஒரு காலத்துச் செவியை மற்றொரு காலத்துப் பெயர்க்கு அளவுகோலாக்குதல் கூடாது என்பதனைக் கோதை என்னும் பெயரின் வரலாறே உணர்த்தும். புறநானூறு 48, 49ஆம் பாடல்களிற் பொய்கையார் பாடிய சேரன் கோக்கோதை மார்பன். மாக்கோதை என்றும் குட்டுவன் கோதை என்றும் பெயர் பொறித்த சேரர் காசுகள் கரூரிற் கிடைத்துள்ளன. படை நடத்திய வேந்தர்க்கு இப்பெயர் பொருந்தாது என்று அக்காலத்தார் எவரும் கருதிலர். பின்னர்த் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் தம்மைக் கோதை என்று பாடினார். உரையாசிரியர் இப்பெயரை இருபாற்கும் பொதுவெனக் காட்டினர். இருபதாம் நூற்றாண்டில் நாவலாசிரியர் வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) பெயரிற் கோதை நாயகியையும் அம்மாளையும் துணையாகப் பெற்றது. இன்று கோதை என்று கேட்ட அளவில் ஆண்மகனை நினைப்பார் இலர். பெயர் மாறவில்லை, கேட்கும் செவியே மாறிற்று.

அண்மைக் காலத்திலும் இம்மயக்கம் நிகழ்தல் காணலாம். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி. ஆர். ராஜம் ஐயர் (1872–1898) ஆண். வேருக்கு நீர் என்னும் நாவலுக்காக 1973ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற ராஜம் கிருஷ்ணன் (1925–2014) பெண். ராஜம் என்னும் பெயர் இருவர்க்கும் ஒன்றே. முன்னவர்க்கு ஐயர் என்பது பாலைக் காட்டிற்று. பின்னவர்க்கோ கணவர் பெயராகிய கிருஷ்ணன் என்பது, வரலாறு அறியாதார்க்குப் பாலை மாற்றிக் காட்டும். சுஜாதா என்னும் பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935–2008) தம் மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். இவர்தம் வாழ்க்கைக் குறிப்புகள் அழிந்து பெயர்கள் மட்டும் எஞ்சுமாயின், ஆயிரம் ஆண்டு கழித்து ஆராய்வார் ராஜம் கிருஷ்ணனை ஆண்பால் வரிசையிலும் சுஜாதாவைப் பெண்பால் வரிசையிலும் வைப்பர். கழார்க்கீரன் எயிற்றியார் பெயரில் கீரன் என்னும் ஆண்பெயர் முன்னிற்க எயிற்றி என்னும் பெண்பெயர் பின்னிற்றலை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. அங்கே ஈறு பெண்மை காட்டி உதவிற்று. ராஜம் கிருஷ்ணன் என்பதிலோ ஈறே மயக்குவதாயிற்று.

7. எஞ்சியோர் யாவர்?

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். 1915ஆம் ஆண்டிற் சௌரிப்பெருமாள் அரங்கனார் குறுந்தொகையையும், பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் நற்றிணையையும் வெளியிட்டனர். ரா. இராகவையங்கார் நல்லிசைப் புலமை மெல்லியலார்கள் என்னும் நூலால் பெண்பாற் புலவரின் பெருமையை உலகறியச் செய்தார். சங்கத்து மகளிர் புலமையை எடுத்துக்காட்டிய இப்பெரியோர் தொண்டு என்றும் மறக்கற்பாலதன்று. ஆயினும் அவர்க்குப் பின்வந்தோர் பெண்பாற் புலவரைப் பிரித்து எண்ணிய அளவில் எஞ்சியோர் அனைவரையும் ஆண்பாலார் எனக் கொண்டனர். இங்கேதான் ஆராய்ச்சி வழுவுகின்றது.

ஒரு புலவரைப் பெண்ணெனக் கொள்ளச் சான்று கேட்கின்றோம். ஆணெனக் கொள்ள எவரும் சான்று கேட்பதில்லை. கீரன், சாத்தன், கண்ணன் என அன் ஈற்றுப் பெயருடையார்க்கும், கிழார் என்னும் பட்டமுடையார்க்கும் பெயரே ஓரளவு சான்றாதல் கூடும். ஆனால் குறுந்தொகை 40ஆம் பாடலைப் பாடிய செம்புலப்பெயனீரார்க்கு என்ன சான்று? செம்மண்ணிற் பெய்த மழைநீர்போல இரு நெஞ்சம் கலந்தமை கூறும் அப்பாடலை அறியாத தமிழர் இலர். பிறமொழியாளரும் அதனை விரும்பிப் பயில்கின்றனர். அதனைப் பாடியவருடைய இயற்பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது, பாலும் தெரியாது. அது தலைவன் கூற்று என்று காட்டி ஆணெனத் துணிவார்க்கு, கூற்றுச் சான்றாகாது என்பதனை ஒக்கூர் மாசாத்தனாரே விடையாகக் கூறுவார். நெடுவெண்ணிலவினார், கல்பொரு சிறுநுரையார், விட்டகுதிரையார் என்போர் நிலையும் இதுவே. இவர்களுள் எவரும் பெண்ணாதல் கூடும், ஆணாதலும் கூடும். இவர்களை ஆண்பாலில் அடைத்து எண்ணும் தொகை, சான்றின்றிச் செய்த தொகையாகும்.

மொழிபெயர்ப்பில் இவ்வழு மேலும் மிகும். தமிழில் அவர் என்று கூறிப் பாலைக் கூறாது விடுதல் எளிது. ஆங்கிலம் போன்ற மொழிகளில் புலவரைப் பற்றி எழுதுங்கால் அவன், அவள் என்பவற்றுள் ஒன்றனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கே நெடுங்காலம் நிலவியது. அங்கு ஒருமுறை அவன் என்று எழுதப்படின், அது பின்வருவார்க்குச் சான்றுபோலத் தோன்றிவிடும்.

ஆதலின் சங்கப் புலவரை இருகூறாக்காமல் முக்கூறாக்கிக் கொள்ளுதலே முறையாகும். முறை, தொழில், குடி, பிறர் வாய்மொழி, தன்வரலாறு, பதிகம் ஆகியவற்றாற் பால் தெளிந்தோர் முதற்கூறு. ஈறு, பொருள் ஆகியவற்றால் ஒருபாலாராகக் கருதத்தக்கோர் இரண்டாம் கூறு. பால் அறிய இயலாதோர் மூன்றாம் கூறு. அள்ளூர் நன்முல்லையாரும் மாறோக்கத்து நப்பசலையாரும் இரண்டாம் கூற்றில் நிற்பர். கூற்றல்லது பிற சான்று கிட்டாதவழிப் பொன்முடியார் மூன்றாம் கூற்றில் நிற்பர். இதனால் அவர் புகழுக்குக் குறைவொன்றும் இல்லை. அவரோடு அணிலாடு முன்றிலாரும் மீனெறி தூண்டிலாரும் செம்புலப்பெயனீராரும் ஒருங்கு நிற்பர்.

இவ்வாறு பகுப்பின் பெண்பாற் புலவர் தொகை குறையும் என்று சிலர் வருந்தலாம். முதற்கூற்றில் நிற்கும் பெண்பாலார் தொகை சிறிதாதல் உண்மையே. ஆனால் அத்தொகை ‘இவர்க்குக் குறையாதோர்’ என்னும் கீழெல்லையாகுமேயன்றி, ‘இவரே பெண்பாலார்’ என்னும் முற்றெல்லை ஆகாது. இதுகாறும் முப்பது நாற்பது என்று நாம் வாதிட்ட எண்கள் யாவும் மேலெல்லையாகவே கருதப்பட்டன; அதனால் அவ்வெண்ணுக்கு வெளியே நின்ற மகளிர் புலமை, உளதாயினும் இலதாகவே கொள்ளப்பட்டது. பால் தெரியாதோரைப் பால் தெரியாதோர் என்றே எழுதுதல், மகளிர்க்கு உரியதை மறுப்பதும் அன்று; இல்லாததை வழங்குவதும் அன்று.

பட்டமேற்படிப்பு மாணாக்கர் புலவர் அகராதி தொகுக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாலை மட்டும் குறித்தல் போதாது. அத்துணிவு எச்சான்றாற் பெறப்பட்டது என்பதனையும் உடன் குறித்தல் வேண்டும். ஈற்றாற் பெற்றது ஈற்றால் என்றும், முறையாற் பெற்றது முறையால் என்றும், பாடலாற் பெற்றது பாடலால் என்றும் தெளிவாகக் காட்டப்படின், பெண்பாற் புலவர் எத்துணையர் என்னும் வினாவில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நீங்கும். எஞ்சும் வேறுபாடு, சான்றினை மதிப்பிடுவதில் அறிஞர்க்குள் இயல்பாக உண்டாகும் வேறுபாடாகவே இருக்கும். இப்பணியை 473 பெயர்களுக்கும் ஒருசீராகச் செய்து முடித்தல் நம் துறைகளின் கடமையாகும்.